ஒரே அந்துப்பூச்சி, நாற்பது பெயர்கள்

வாசகர் கேள்வி – பதில்: காட்டுப் பட்டு

கேள்வி: கைத்தறிக் கண்காட்சி ஒன்றில் டசர் பட்டுத் துணிகளுக்கு அருகே கூடுகளையும் வைத்து, ‘டாபா’, ‘சுகிந்தா’, ‘மோடல்’, ‘ராய்லி’ என்று பெயர் எழுதியிருந்தார்கள். நிறத்திலும் அளவிலும் அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. இவை தனித்தனி இனங்களா, ஒரே இனத்தின் துணையினங்களா?

பதில்: நான்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதாம். ஆந்தெரேயா மைலிட்டா என்பது அதன் அறிவியல் பெயர். 1773ஆம் ஆண்டு ட்ரூ ட்ரூரி என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வைத்த பெயர் அது. இந்த இனத்துக்குள் வட்டாரந்தோறும் வேறுபட்டுக் காணப்படும் கூட்டங்களை நம் நாட்டுப் பட்டு ஆய்வாளர்கள் ‘சூழலினம்’ என்று அழைக்கிறார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட சூழலினங்கள் பட்டியலில் உள்ளன. அவற்றைத் துணையினங்கள் என்று எழுதுவோரும் உண்டு; ஆனால் நான் அப்படி எழுதமாட்டேன், காரணமும் இருக்கிறது.

விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பு, இனத்துக்குக் கீழே துணையினம் என்ற ஒரு படியை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. புதிய துணையினம் ஒன்றை அறிவிப்பவர் அதற்கு லத்தீன் முறையில் பெயரிட்டு, அது எந்த வகையில் வேறுபடுகிறது என்பதை விவரித்து, அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரிப் பூச்சி எது என்றும் சுட்டிக்காட்ட வேண்டும். பின்னாளில் ஐயம் எழுந்தால் எவரும் அந்த மாதிரியை எடுத்துப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். சூழலினத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஒரு காட்டில் கிடைக்கும் கூடு அடுத்த காட்டுக் கூட்டைவிடப் பெரிதாகவும் கருமையாகவும் இருந்து, அங்குள்ள பழங்குடி மக்களும் வணிகர்களும் அதற்குத் தனிப் பெயர் வைத்துப் பலகாலம் வழங்கிவந்தால், ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சுகிந்தா என்பது ஒடிசாவில் உள்ள ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். பண்டாரா என்ற சூழலினம் மகாராஷ்டிரத்தின் கிழக்கு மாவட்டம் ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ‘ஆந்திரா லோக்கல்’ என்றே ஒன்று உண்டு.

கூட்டின் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவுசெய்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே தாய் இட்ட முட்டைகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீர்மருதிலும் மறுபாதியைச் சால் மரத்திலும் விட்டால், கிடைக்கும் கூடுகளின் எடையும் ஓட்டின் தடிப்பும் ஒன்றாக இருப்பதில்லை. மழைக்காலத்தில் கட்டிய கூடும் குளிர்காலத் தொடக்கத்தில் கட்டிய கூடும் வேறுபடும். பின்னதன் ஓடு பெரும்பாலும் தடித்திருக்கும். இவையெல்லாம் உணவும் பருவமும் செய்கிற வேலை. மரபணுவில் எழுதப்பட்டவை அல்ல. அதற்காக எல்லா வேறுபாடுகளும் வெளித்தோற்றம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு எத்தனை தலைமுறை என்பதில் சூழலினங்களுக்கிடையே நிலையான வேறுபாடு இருக்கிறது. மோடல் ஆண்டுக்கு ஒரே தலைமுறையோடு நின்றுவிடும். டாபாவிலோ ஆண்டுக்கு இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை என இரு வகையும் உண்டு. கூட்டுக்குள் உறங்கும் காலத்தை வெப்பமும் பகல்நேர நீளமும் முடுக்கிவிடுகின்றன என்றாலும், அவற்றுக்கு எப்படி எதிர்வினையாற்றுவது என்பது பூச்சியின் மரபில் உள்ளது.

குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். ஆந்தெரேயா மைலிட்டாவின் பாலணுவில் 31 குரோமோசோம்கள் உள்ளன. ஆனால் இந்தப் பேரினத்தில் குரோமோசோம் கணக்கு நம்மை ஏமாற்றக்கூடியது. சீனத்து ஓக் மரப் பட்டுப்பூச்சியான ஆந்தெரேயா பெர்னியிக்கு 49, இமயமலைச் சரிவுகளில் வாழும் ஆந்தெரேயா ராய்லேயிக்கு 30. இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் கலந்தபோது மலட்டுத்தன்மை இல்லாத சந்ததி கிடைத்தது. அந்தக் கலப்பினம்தான் இன்று மணிப்பூர் முதலிய மலைப்பகுதிகளில் ஓக் மரங்களில் வளர்க்கப்படுகிறது. எண்ணிக்கை வேறானால் இனம் வேறு, ஒன்றானால் இனம் ஒன்று என்ற பாடநூல் விதி இங்கே செல்லுபடியாகவில்லை.

கேள்வி: டசர் அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை என்கிறார்களே, உண்மையா? அதன் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: உண்மைதான். சிறகு முளைத்த பூச்சிக்கு உறிஞ்சுகுழல் வளர்ச்சியடையாமல் சுருங்கிப் போயிருக்கும். புழுவாக இருந்தபோது உடலில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்தே ஏறத்தாழ ஒரு வாரம் வாழும். அதற்குள் துணை தேடி, கூடி, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும்.

மாலை மங்கும் நேரத்தில்தான் பெரும்பாலான பூச்சிகள் கூட்டை விட்டு வெளிவருகின்றன. ஈரத்தோடு கசங்கியிருக்கும் சிறகுகளில் உடல்நீரைச் செலுத்தி விரித்துக் காயவைத்த பிறகு, பெண்பூச்சி அதிகம் நகர்வதில்லை. வயிற்று நுனியிலிருந்து மணப்பொருளைக் காற்றில் விட்டபடி கிளையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஆணின் உணர்கொம்புகள் இறகு போல அகன்று கிளைத்தவை. அந்தக் கிளைகளில் உள்ள நுண்மயிர்கள் காற்றில் கலந்துவரும் மிகச் சிறிதளவு மணப்பொருளையும் இனங்கண்டு, காற்று வரும் திசையில் ஆணைப் பறக்கவைக்கின்றன. பெண்ணின் உணர்கொம்பு ஒடுங்கியது. ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்த இதுவே எளிய அடையாளம். நிறத்தை நம்ப வேண்டாம். ஆண்கள் பொதுவாகச் செம்பழுப்பாகவும் பெண்கள் மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருந்தாலும் விதிவிலக்குகள் ஏராளம். நான்கு சிறகுகளிலும் ஒவ்வொரு வட்டக் கண் இருக்கும். அதன் நடுவே செதில்களே இல்லாத ஒளிபுகும் பகுதி. விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அந்த வட்டம் மெல்லிய கண்ணாடித் தாள் போலப் பளிச்சிடும்.

ஒரு பெண் ஏறத்தாழ 150 முதல் 250 முட்டைகள் வரை இடும். முட்டை சற்றுத் தட்டையானது, நீள்வட்டமானது, அதைச் சுற்றிப் பழுப்பு நிறக் கோடுகள் ஓடும். எட்டு, பத்து நாளில் பொரிக்கும். வெளிவரும் புழு முதலில் பழுப்பு மஞ்சளாக இருந்து, முதல் தோலுரிப்புக்குப் பின் பச்சையாகிறது. நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்க, மழைக்காலமானால் ஐந்து வாரம். குளிர் தொடங்கிய பருவமானால் இரண்டு மாதத்தை நெருங்கவும் கூடும். கடைசிப் பருவத்துப் புழு விரல் பருமனுக்கு மேல் தடித்து, பக்கவாட்டில் வெள்ளிப்பொட்டுகளோடு இருக்கும். உண்ணும் இலையில் பெரும்பகுதியை அது இந்த ஒரு பருவத்திலேயே தின்று தீர்க்கிறது. பச்சைப் புழுக்களுக்கு நடுவே மஞ்சள், நீலம், வெண்மை நிறப் புழுக்களும் அரிதாகப் பிறக்கின்றன. இந்த நிறங்கள் மரபுவழி வருபவை. இவற்றை வைத்தும் தனி இனம் என்று எண்ணிவிடக் கூடாது.

நீர்மருது, கருமருது, சால் ஆகிய மூன்றும் முதன்மை உணவு மரங்கள். இலந்தை, பூமருது, நாட்டு வாதுமை, தான்றி, கடுக்காய் என்று வேறு பல மரங்களிலும் புழு வளரும். மல்பெரிப் பட்டுப்புழு ஏறத்தாழ ஒரே மரத்தை நம்பியிருப்பதோடு ஒப்பிட்டால் டசர் புழுவின் பட்டியல் நீளமானது. அது இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

எதிரிகளும் குறைவில்லை. இளம் புழுக்களைக் கொலைகார நாவாய்ப்பூச்சிகளும் கும்பிடுபூச்சிகளும் செவ்வெறும்புகளும் தூக்கிச் செல்லும். ஊசி ஈ என்ற ஒட்டுண்ணி ஈ வளர்ந்த புழுவின் மேல் முட்டையிட, அதன் குஞ்சு புழுவின் உடலைத் துளைத்து உள்ளே வளரும். கூடு கட்டும் வேளையில் ஒரு வகைக் குளவி தன் முட்டையிடும் குழலை ஓட்டுக்குள் செலுத்திக் கூட்டுப்புழுவின் மேல் முட்டையிடும். இவற்றுக்குத் தப்பினாலும், தாயிடமிருந்து முட்டை வழியாகவே தொற்றும் பெப்ரின் என்ற நுண்ணுயிர் நோய் இருக்கிறது. அதனால்தான் வளர்ப்புக்கான முட்டைகளைத் தயாரிக்கும் நிலையங்களில் முட்டையிட்டு முடித்த ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, நோயில்லை என்று உறுதியான முட்டைகளை மட்டும் வளர்ப்போருக்குக் கொடுக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் பிரான்சின் மல்பெரிப் பட்டுப்புழுக்களைக் காக்க வகுத்த முறைதான் இது.

கேள்வி: டசர் கூடு கொட்டை போல அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. உள்ளே இருக்கும் மென்மையான பூச்சி அதை எப்படி உடைத்துக்கொண்டு வருகிறது?

பதில்: உடைப்பதே இல்லை. இதைப் புரிந்துகொள்ள, கூடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதிர்ந்த புழு குடலில் உள்ளதை முழுக்க வெளியேற்றிவிட்டு, இரண்டு மூன்று இலைகளை இழைகளால் இழுத்துச் சேர்த்துத் தொட்டில் போல அமைத்துக்கொள்ளும். பிறகு அருகிலுள்ள குச்சியைச் சுற்றி வளையம் ஒன்றைப் பின்னி, அந்த வளையத்திலிருந்து கூடு வரை உறுதியான காம்பு ஒன்றைக் கட்டும். இலை உதிர்ந்தாலும் கூடு விழாமல் கிளையிலேயே தொங்குவது இந்தக் காம்பால்தான். மல்பெரிக் கூட்டில் இப்படி ஒன்று கிடையாது. அதன் பின் இலைத்தொட்டிலுக்குள் திரும்பி, உடலை இப்படியும் அப்படியும் வளைத்துப் பல நாட்கள் நூற்கும். நூற்று முடிக்கும் தறுவாயில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கலந்த நீர்மத்தை வெளியேற்றி ஓட்டை நனைக்கும். இழைகளின் பசையான செரிசினும் இந்தப் படிகங்களும் சேர்ந்து காயும்போது ஓடு அவ்வளவு இறுகிப்போகிறது. டிசம்பரிலிருந்து ஜூன் வரை கோடை வெயிலையும் தாங்கி உள்ளே உறங்கும் கூட்டுப்புழுவுக்கு இந்தக் காப்பு தேவைதான்.

வெளியேறும் வழியை 1964இல் ஃபோட்டிஸ் கஃபடோஸும் கரோல் வில்லியம்ஸும் இதே பேரினத்துப் பூச்சிகளைக் கொண்டு விளக்கினார்கள். உண்ணப் பயன்படாத அந்தச் சுருங்கிய வாயுறுப்பின் மேல், வெளிவருவதற்குச் சில நாள் முன்பே, கொக்கூனேஸ் என்ற நொதி சுரந்து உலர்ந்த படிகமாகப் படிந்திருக்கும். வேளை வந்ததும் வேறொரு சுரப்பியிலிருந்து பொட்டாசியம் பைகார்பனேட் கலந்த நீர்மம் வழிந்து அந்த நொதியைக் கரைக்கிறது. பூச்சி இந்தக் கரைசலைக் காம்பு பொருந்தியிருக்கும் முனையில் தடவ, நொதி செரிசின் பசையை மட்டும் செரிக்கிறது. இழையின் உட்பகுதியான ஃபைப்ராயினைத் தொடுவதில்லை. பசை விட்ட இழைகளை நெற்றியால் முட்டி விலக்கிக்கொண்டு பூச்சி வெளியே வந்துவிடும். சாப்பிடுவதற்கான உறுப்பு சாப்பாட்டை விட்டுவிட்டுக் கதவு திறக்கும் வேலைக்கு மாறிக்கொண்டது என்பது பரிணாமத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று.

பூச்சி வெளிவந்த கூட்டிலும் இழைகள் பெரும்பாலும் அறுபடுவதில்லை என்றாலும், அடுக்கு குலைந்துவிடுவதால் அதிலிருந்து நீண்ட ஒற்றை இழையாக உருவி எடுக்க முடியாது. அத்தகைய கூடுகளை வேகவைத்து, பஞ்சிலிருந்து நூற்பது போல இழுத்து நூற்கிறார்கள்; ‘கீச்சா’ என்று விற்கப்படும் சற்றுக் கரடுமுரடான நூல் இந்த வகையைச் சேர்ந்தது.

கேள்வி: மல்பெரிப் பட்டுக்கும் டசருக்கும் நூலளவில் என்ன வேறுபாடு?

பதில்: இரண்டும் வெவ்வேறு குடும்பத்துப் பூச்சிகள். மல்பெரிப் பட்டு இழையில் கிளைசீன், அலனைன் என்ற அமினோ அமிலங்கள் மாறிமாறி வருகின்றன. டசரில் அலனைன் தொடர்ச்சியாகக் கோத்தாற்போல் நிற்கும் பகுதிகள் உள்ளன. மல்பெரிப் புழுவின் ஃபைப்ராயினில் பெரிய புரதத்தோடு சிறிய புரதங்களும் இணைந்திருக்கும். டசரில் அந்தச் சிறியவை இல்லை. டசர் இழை தட்டையானது, பருமனானது, இயல்பிலேயே பொன்பழுப்பு நிறமுடையது.

கேள்வி: டசர் அந்துப்பூச்சி எங்கெல்லாம் வாழ்கிறது? தமிழ்நாட்டுக் காடுகளில் உண்டா? உள்ளங்கையை விடப் பெரிய, சிறகு முனையில் பாம்புத் தலை போன்ற வடிவம் கொண்ட பூச்சியைக் குற்றாலம் பக்கம் பார்த்திருக்கிறேன். அது டசர்தானா?

பதில்: நீங்கள் பார்த்தது டசர் அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த அட்லஸ் வகை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

டசரின் நடுவிடம், ஜார்க்கண்டிலிருந்து ஒடிசா, சத்தீஸ்கர் வழியாக மகாராஷ்டிரத்தின் கிழக்குப் பகுதி, தெலங்கானா வரை நீளும் இலையுதிர் காடுகள். டாபாவின் தாயகம் ஜார்க்கண்டின் சிங்பூம் வட்டாரம். மோடல் ஒடிசாவின் சிமிலிபால் மலைக்காடுகளைச் சேர்ந்தது. ராய்லி சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளைச் சேர்ந்தது. இந்த இரண்டும் சால் மரத்தைச் சார்ந்தவை, கூடு பெரிது, ஓடு தடிப்பு. தெற்கே போகப் போகச் சால் மரம் மறைந்து மருத மரங்கள் அந்த இடத்தைப் பிடிப்பதால், கோதாவரிப் பகுதியின் ஆந்திரா லோக்கல் மருதை உண்டே வாழ்கிறது. மரம் மட்டுமன்றி உயரமும் கணக்கில் வரும்: பொதுவாக, கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலான காடுகளில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை, 300 முதல் 600 மீட்டர் வரை இரண்டு, அதற்குக் கீழே மூன்று என்று வகுத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு வெளியேயும் டசர் வகைப் பூச்சிகள் தீபகற்பம் முழுவதும், தமிழ்நாட்டு மலையடிவாரங்களிலும், இலங்கையிலும் வாழ்கின்றன. இங்கே கூடு சேகரிக்கும் தொழில்தான் இல்லை. பெயர்ச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். லின்னேயஸ் 1758இல் பாஃபியா என்று ஒரு பெயர் வைத்தார். அதுவும் ட்ரூரியின் மைலிட்டாவும் ஒன்றுதான் என்று கொள்பவர்கள், முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி டசர் பூச்சியை ஆந்தெரேயா பாஃபியா என்று எழுதுகிறார்கள். பட்டுத் தொழில் நூல்கள் மைலிட்டாவை விடுவதில்லை. தென்னிந்தியப் பட்டியல்களில் பாஃபியா என்றும் வட இந்திய நூல்களில் மைலிட்டா என்றும் படித்துவிட்டு, இரண்டு தனி இனங்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் பார்த்த பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்த அட்லஸை ஃபிரெடரிக் மூர் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பழம்பெயரால் டாப்ரோபானிஸ் என்று விவரித்தார். பின்னர் அது, வட இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிய அட்டகஸ் அட்லஸின் துணையினமாகப் பல நூல்களில் வைக்கப்பட்டது. ரிச்சர்ட் பைக்லர் 1989இல் இந்தப் பேரினம் முழுவதையும் மறுஆய்வு செய்தபோது அட்டகஸ் டாப்ரோபானிஸ் என்று தனி இனமாகவே நிறுத்தினார். இன்று அதுவே வழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த படத்துக்குக் கீழே ‘அட்டகஸ் அட்லஸ்’ என்று எழுதியிருந்தால், பழைய வகைப்பாட்டின்படி எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதன் சிறகில் வட்டக் கண்ணுக்குப் பதிலாக முக்கோணச் சாளரம் இருக்கும். புழுவின் மேல் வெண்ணிற மெழுகுப்பொடி படிந்திருக்கும். கூடு ஒரு முனையில் திறந்திருப்பதால் இழை துண்டுதுண்டாகவே வரும். டசரைப் போல வணிகப் பட்டாக அது வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வீட்டு வாதுமை மரத்தில் டசர் புழு வளர்க்கலாமா?

பதில்: வேறு வட்டாரத்து முட்டைகளை வரவழைத்து வளர்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தப்பிப் பறக்கும் ஆண்கள் உள்ளூர்க் காட்டுப்பூச்சியோடு கலந்துவிடும். நோயும் கூடவே வரும். தானாக வந்த புழு மரத்தில் இருந்தால் அதைத் தொடாமல் நாள்தோறும் கவனித்து, தேதியையும் மரத்தின் பெயரையும் குறித்துவைத்துப் படமெடுங்கள்.

கேள்வி: டாபாவைப் பண்ணையில் வளர்க்க முடிகிறபோது, ராய்லியையும் மோடலையும் ஏன் காட்டிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது?

பதில்: டாபாவும் முழுமையாக வீட்டுப்பூச்சி ஆகிவிடவில்லை. முட்டையை அறைக்குள் பொரிக்கவைத்தாலும் புழுவைத் திறந்தவெளி மரத்தில்தான் விடுகிறார்கள். இலை தீர்ந்ததும் கிளையோடு வெட்டி அடுத்த மரத்துக்கு மாற்றுகிறார்கள். பறவைகளை விரட்டக் காவல் இருக்கிறார்கள். ஆனாலும் பல தலைமுறைகளாக மனிதர் கையில் இருந்ததால், அடைத்துவைத்த இடத்திலும் டாபா கூடிக்கொள்ளும். ராய்லியும் மோடலும் அப்படி இல்லை. கூடுகளைக் கொண்டுவந்து அறையில் தொங்கவிட்டால், பூச்சிகள் ஒரே நாளில் சேர்ந்து வெளிவராமல் முன்னும்பின்னுமாக வருகின்றன, அடைப்புக்குள் இணைசேர மறுக்கின்றன, இடும் முட்டையும் குறைகிறது. ஒரு வார ஆயுளே உள்ள பூச்சியில் ஆணும் பெண்ணும் பத்து நாள் இடைவெளியில் வெளிவந்தால் அந்தத் தலைமுறை அங்கேயே நின்றுவிடும்.

ராஞ்சியில் 1964ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய டசர் ஆராய்ச்சி நிலையமும் மாநிலப் பட்டுத் துறைகளும் இதற்கு வேறொரு வழியைக் கையாள்கின்றன. காட்டில் சேகரித்த கூடுகளில் ஒரு பகுதியை விற்காமல் ஒதுக்கி, அதே காட்டுக்குள் கூடாரம் அமைத்துத் தொங்கவிட்டு, வெளிவரும் பூச்சிகள் அங்கேயே இணைசேரவும் சால் மரங்களில் முட்டையிடவும் விடுகிறார்கள். மழை தொடங்கும் வேளையில் நடக்கும் இந்த வேலையில் பழங்குடிச் சேகரிப்பாளர்களும் பங்கெடுக்கிறார்கள். எல்லாக் கூட்டையும் பறித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு எதுவும் மிஞ்சாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கூட்டுக்கு நல்ல விலை வரும் ஆண்டில் மரத்தில் ஒன்றை விட்டுவைத்தால் அடுத்தவர் பறித்துக்கொள்வார் என்ற நிலை இருக்கிறது. ஒதுக்கிவைத்த கூட்டுக்கும் சந்தை விலையே கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீரும் என்பது என் கருத்து. மீதிப் பாதி சால் காடு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது.